நிலத்தடியில் ஓர் இரும்புச் சுவர்

மும்பையின் தாராவியில் முன்னாளில் தோல் பதனிடும் தொழில் செழித்திருந்தது. தமிழகத்திலிருந்து குடியேறியோர் பலர் அதில் ஈடுபட்டனர். இக்காலத்தில் தோல் பெரும்பாலும் குரோமிய உப்பினால் பதப்படுத்தப்படுகிறது. அதற்கு மூலப்பொருளான குரோமேட்டைத் தயாரித்த இராணிப்பேட்டைத் தொழிற்சாலையொன்று, 1990களில் மூடப்பட்டபோது, ஒன்றரை இலட்சம் டன்னுக்குக் குறையாத கழிவை விட்டுச் சென்றது. மழைநீர் அக்குவியலினூடே இறங்கி, நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது.

ஆறு இணைதிறனுடைய குரோமியம் நீரில் எளிதிற் கரையும், புற்றுநோய் விளைவிக்கும். மூன்று இணைதிறனுடையதோ நச்சுத்தன்மை குறைந்தது. நீரில் பெரும்பாலும் கரையாது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது இந்தியத் தர நிர்ணயம்.

முன்னதைப் பின்னதாக மாற்றவல்லது சாதாரண இரும்பு. அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள எலிசபெத் சிட்டியில், குரோமிய முலாம் பூசும் பட்டறையின் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது. 1996இல் அந்நீர் செல்லும் வழியின் குறுக்கே, 46 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 7 மீட்டர் ஆழமும் உள்ள அகழி வெட்டி இரும்புத் துகள்களை நிரப்பினர். நீர் தானாகவே அதனூடே கசிந்து செல்கிறது. இரும்பு எலெக்ட்ரான்களை அளித்துத் துருவாகிறது. குரோமியம் அவற்றை ஏற்று ஹைட்ராக்சைடாகப் படிகிறது. நீரை இறைக்கவும் வேண்டுவதில்லை; மின்சாரமும் வேண்டுவதில்லை.

எனினும், இம்முறையை அப்படியே இராணிப்பேட்டைக்குக் கொணர்தல் எளிதன்று. எலிசபெத் சிட்டி மணற்பாங்கான கடற்கரைச் சமவெளி. இராணிப்பேட்டையிலோ மண்ணுக்கடியில் கடும்பாறை. பாறை வெடிப்புகளின் வழியே நீர் ஓடும் போக்கைத் திட்டமாக அறிந்தாலன்றிச் சுவரால் பயனில்லை. துருவும் தாதுப் படிவும் நாளடைவில் துகள்களின் இடைவெளிகளை அடைக்கவும் கூடும். மேலும், சுவர் தன்னிடம் வரும் நஞ்சைத் தடுக்குமேயன்றி, அதன் மூலத்தை ஒழிக்காது. ஆகவே, கழிவுக் குவியலை மழை புகாவண்ணம் மூடுவதோ அகற்றுவதோ முதற்பணி. இரும்புச் சுவர் அதற்குத் துணையே ஆகும்.