திருக்குளத்து நீர் செந்நிறம் கொள்வது ஏன்?

ஆலயத்திற்கு அழகு சேர்ப்பது கோபுரம். குளிர்ச்சி சேர்ப்பது திருக்குளம். தீர்த்தவாரியும் தெப்ப உற்சவமும் நடைபெறும் குளத்தின் நீர் தெளிந்திருக்க வேண்டுமென்பது பக்தப் பெருமக்கள் அனைவரின் விருப்பமாகும். ஆயினும், கிணற்று நீரால் நிரப்பப்படும் குளங்கள் சிலவற்றில் ஓரிரு நாளிலேயே நீர் செம்மண் கரைத்தாற்போல் மாறிவிடுகின்றது. திருவிழா நெருங்கும் வேளையில் இதனைக் கண்டு, தெய்வக் குற்றமோ என அஞ்சுவோரும் உண்டு. அது குற்றமன்று, நீரில் கரைந்துள்ள இரும்பின் இயல்பேயாகும்.

நிலத்தின் அடியில் காற்றுப் படாதிருக்கும்வரை இரும்பு நீரில் கரைந்தே இருக்கும். ஆதலால் இறைத்தவுடன் நீர் பளிங்குபோல் தோன்றும். காற்றிலுள்ள பிராணவாயு பட்டதும் அவ்விரும்பு துருவாகித் திரண்டு, படிகளிலும் சுவாமி வஸ்திரங்களிலும் கறையாகப் படிகின்றது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேற்பட்டாலே கறையும் துருச்சுவையும் தோன்றக்கூடும். 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள குளம் 3 லட்சம் லிட்டர் நீர் கொள்ளும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இரும்பு இருப்பின், ஒருமுறை நிரப்பும்போதே ஒன்றரைக் கிலோ இரும்பு குளத்தினுள் சேர்ந்துவிடும்.

குளத்திற்கு வெளியே செய்க

எனவே, இரும்பைக் குளத்தினுள் விட்டபின் போராடுவதைவிட, வெளியிலேயே தடுத்து நிறுத்துவதே அறிவுடைமை. அதற்குக் காற்று, ஓய்வு, மணல் என்னும் மூன்றும் போதும். முதலில் கிணற்று நீரைப் படிப்படியாக விழச் செய்தோ, துளையிட்ட குழாய்வழிப் பொழியச் செய்தோ காற்றுடன் கலக்கவிட வேண்டும். அடுத்து ஒரு தொட்டியில் ஓர் இரவேனும் தேக்கினால் துரு பெரும்பாலும் அடியில் தங்கும். எஞ்சியதை மணல் வடிகட்டி பிடித்துக்கொள்ளும். நீர் அமிலத்தன்மை உடையதாயின் இரும்பு மிக மெதுவாகவே துருவாகும். அத்தகைய நீரைச் சுண்ணாம்புக்கல் சில்லுகளின் வழியே முதலில் செலுத்துதல் நலம். நிலத்தடி நீரைப் பெரிதும் நம்பியுள்ள கிளந்தான் மாநிலத்திலும் குடிநீரிலிருந்து இரும்பை அகற்றக் காற்றூட்டலும் வடிகட்டலுமே கைக்கொள்ளப்படுகின்றன.

பிளீச்சிங் பவுடரைக் குளத்தில் கொட்டுவது தகாது. அது இரும்பைத் துருவாக்குமேயன்றி வெளியேற்றாது. குளத்து மீன்களையும் மடியச் செய்யும். துருப் படிவும் மீன்களின் செவுள்களை அடைக்கும் என்பதை மறத்தலாகாது.

பராமரிப்பே திருப்பணி

தொட்டி அமைப்பது ஒருநாள் பணி. பராமரிப்பதோ ஆண்டு முழுவதற்கும் உரியது. மணலில் துரு சேரச் சேர நீரோட்டம் குறையும். அப்பொழுது நீரைக் கீழிருந்து மேலாகச் செலுத்தி மணலை அலச வேண்டும். அலசிய நீரைக் குளத்திலோ ஆற்றிலோ விடாது, தனிக்குழியில் தேக்குதல் வேண்டும். பணி தொடங்குமுன் கிணற்று நீரைப் பரிசோதனைக் கூடத்தில் சோதித்து, இரும்பின் அளவையும் அமிலத்தன்மையையும் அறிவது இன்றியமையாதது.

கோபுரத் திருப்பணிக்கு வாரி வழங்கும் அன்பர்கள், கண்ணுக்குப் புலப்படாத இம்மணல் தொட்டிக்கும் ஒரு பங்கு அளிப்பார்களாக. தெளிந்த நீரில் தெப்பம் மிதக்கும் காட்சி, அவர்தம் உள்ளத்தையும் குளிர்விக்கும் என்பது திண்ணம்.