கடுவன் கதவைத் திறக்கும் ஊர்

எங்கள் தெருவில் காலைக் காப்பிக்கு முன்னால் எல்லோரும் பார்ப்பது வாட்ஸப் குழுவைத்தான். ‘கூட்டம் மேலே பாறையில் உட்கார்ந்திருக்கிறது, இறங்கும் போலிருக்கிறது’ என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், வரிசையாகச் சன்னல்கள் சாத்தப்படும். நாய்கள் உள்ளே போகும். கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருப்பவர்கள் வாளியைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டுப் பின்கதவைத் தாழிட ஓடுவார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் மாநகரத்துத் தெற்கு ஓரத்தில், மலைச்சரிவுக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் சைமன்ஸ் டவுன் எங்கள் ஊர். கூட்டம் என்றால் பபூன் கூட்டம்.

நான் அம்பாசமுத்திரத்துக்காரி. பாபநாசம் கோயில் வாசலில் தேங்காய் மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் குரங்குகளைப் பார்த்து வளர்ந்தவள். அந்த நினைப்பில் பபூனை எடைபோடக் கூடாது. நம்மூர்க் குரங்கு ஏழெட்டுக் கிலோ இருந்தாலே பெரிது. இங்குள்ள சாக்மா பபூனில் வளர்ந்த கடுவன் முப்பது கிலோவுக்கு மேல் வரும்; மந்தி அதில் பாதி. நீண்ட மூஞ்சி, அகன்ற தோள். கடுவன் நம்மைப் பார்த்துக் கொட்டாவி விட்டால் கோரைப்பற்கள் முழுசாகத் தெரியும். தூக்கம் வந்து விடும் கொட்டாவி என்று நினைத்து நிற்கக் கூடாது, ‘விலகிப் போ’ என்கிறது. இவ்வளவு பலமிருந்தும் அது மனிதரைத் தேடி வந்து தாக்குவது அரிது. நம் கையிலோ, பையிலோ, சமையலறையிலோ இருக்கும் சாப்பாட்டுக்காகத்தான் வருகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

எங்கள் ஊர் இருக்கும் இந்தத் தீபகற்பம் முழுக்க ஒரு காலத்தில் அவற்றின் மேய்ச்சல் நிலம். மண்வளமும் தண்ணீரும் உள்ள தாழ்வான பகுதிகளை முதலில் பண்ணைகள் எடுத்துக்கொண்டன, பிறகு வீடுகள். மிஞ்சியது மலை. மலையில் வளர்வது ஃபின்போஸ் என்ற புதர்க்காடு. அதன் பூக்களைப் பார்க்க உலகமே வருகிறது. ஆனால் அது வேர்விட்டிருப்பது சத்தில்லாத மண். வடக்கே மாநகரம் முழுசாக மறித்துவிட்டதால், இங்குள்ள சில நூறு பபூன்களும் வெளியே இருக்கும் தங்கள் இனத்தோடு கலக்க வழியில்லை. அவற்றை வேட்டையாடிய சிறுத்தைகள் தீபகற்பத்திலிருந்து எப்போதோ ஒழிந்துவிட்டன. இன்று பபூனுக்கு எமன் காரும் நாயும் மின்கம்பியும் ஏர்கன்னும்தான்.

வீட்டுக்குப் பின்னால் சரிவில் மந்தி ஒன்று கிழங்கு தோண்டுவதை ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரலால் மண்ணைக் கிளறும், கல் தட்டினால் அதைப் புரட்டிவிட்டு மறுபடியும் கிளறும். சுண்டைக்காய் அளவில் ஒரு கிழங்கு கிடைக்கும். முன்கையில் தேய்த்து மண்ணை உதறி, பல்லால் தோலுரித்து வாயில் போட்டுக்கொண்டு அடுத்த செடிக்கு நகரும். முதுகில் தொற்றிய குட்டி அசையாமல் கிடக்கும். கடற்கரையோரக் கூட்டங்கள் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் பாறைக்கு இறங்கி, ஒட்டிக்கொண்டிருக்கும் சிப்பிகளைப் பெயர்த்துத் தின்னும். குரங்கினத்தில் கடலுணவு தேடுபவை மிகச் சில. கேப் பபூன் அவற்றில் ஒன்று. பகலெல்லாம் இப்படித் தேடினால்தான் ஒரு வயிறு நிறையும். அதே வயிற்றை ஒரு பாக்கெட் ரொட்டி ஐந்தே நிமிடத்தில் நிறைத்துவிடும். ரொட்டி இருக்கும் வீட்டை விட்டுவிட்டு அது ஏன் கிழங்கு தோண்டப் போகிறது?

இதைக் கருவி கட்டியே பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனின் ஸ்வான்சீ பல்கலைக்கழகமும் கேப்டவுன் பல்கலைக்கழகமும் சேர்ந்து கடுவன்களின் கழுத்தில் பட்டை மாட்டி, இருக்கும் இடத்தையும் உடம்பின் அசைவையும் பதிவு செய்தன. ஆய்வு 2017ல் வெளியானது. கடுவன்கள் நாளின் பெரும்பகுதியை ஊரின் விளிம்பில், அவற்றை விரட்டும் ரேஞ்சர்களின் கண்ணில் படாத இடத்தில் கழிக்கின்றன. தருணம் வாய்த்ததும் பாய்ந்து உள்ளே வந்து, கிடைத்ததை அள்ளிக்கொண்டு கொஞ்ச நேரத்தில் வெளியேறிவிடுகின்றன. நாம் எப்போது அசருவோம் என்று அது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது என் அனுபவமும்கூட. குப்பை வண்டி வரும் நாள் எதுவென்று எங்கள் தெருவில் அதற்குத் தெரியும்.

ஆகவே முதல் வேலை குப்பைத் தொட்டி. சக்கரம் வைத்த பெரிய பிளாஸ்டிக் தொட்டியின் மூடியில் பூட்டு போட்டிருக்கிறோம். முந்தின இரவே தெருவில் கொண்டுபோய் வைப்பதில்லை, வண்டி வரும் காலையில்தான். அடுத்தது சன்னல். கம்பிகளுக்கு நடுவே குட்டி நுழைய இடமிருந்தால் குட்டி நுழையும், பெரியது வெளியில் காத்திருக்கும். கீழே அழுத்தித் திறக்கும் கைப்பிடி உள்ள கதவுகளை அது சாதாரணமாகத் திறக்கிறது. இதே நாட்டில் 1880களில் யூட்டன்ஹேக் ரயில் நிலையத்தில், இரண்டு கால்களையும் இழந்த சிக்னல்காரர் ஒருவருக்கு ஜாக் என்ற பபூன் சிக்னல் நெம்புகோல்களை இழுத்துக் கொடுத்து வேலை பார்த்தது. அந்த இனத்துக்குக் கதவுப்பிடி ஒரு பொருட்டா?

பக்கத்து வீட்டில் இருப்பவர் கடற்படை மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெண்மணி. நாங்கள் குடிவந்த வாரமே வந்து, எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்த பழத்தட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டார். சன்னலோரம் பழம் வைப்பது கடைக்குப் பலகை மாட்டுவது மாதிரி என்றார். மக்கும் குப்பைக் குழியை மூடச் சொன்னார். பறவைகளுக்குத் தானியம் வைப்பதையும் நிறுத்தச் சொன்னார். வெயில் கண்டால் வடகம் பிழியும் கை எனது. அதையும் கம்பி அடித்த முன்னறைக்குள் கண்ணாடி வழியே வரும் வெயிலில்தான் காயவைக்கிறேன். ஒருவேளை பபூன் வீட்டுக்குள் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிக் கொடுத்தார். அதற்கும் வாசலுக்கும் நடுவில் நிற்காதே, கண்ணுக்குக் கண் பார்க்காதே, கையில் எடுத்ததைப் பிடுங்கப் போகாதே, நாயையும் குழந்தையையும் வேறு அறையில் விட்டுச் சாத்து, வெளியேற ஒரு கதவைத் திறந்து வை. வந்த வேலை முடிந்தால் அது போய்விடும்.

போன வருடம் ஊரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். கேப் பாயிண்ட் போகும் சாலையில் ஒரு மந்தி குட்டியோடு உட்கார்ந்திருந்தது. அவருக்கு மனசு இளகிவிட்டது.

“ஏட்டி, வண்டிய நிறுத்து. ஒரு பழம் கொடுப்போம். ஆஞ்சநேயருக்குப் போட்ட மாதிரி.”

“வேண்டாம் சித்தப்பா. கண்ணாடிய எறக்காதிய.”

“பச்சப்புள்ளக்காரிட்டி அது. ஒரு பழத்துல என்ன வந்திரப் போவுது?”

நான் வண்டியை நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அவருக்கு ஃப்ரெட்டின் கதையைச் சொன்னேன். அதே சாலையில், ஸ்மிட்ஸ்விங்கல் விரிகுடாவுக்குப் பக்கத்தில் திரிந்த கடுவன் அது. சுற்றுலாக்காரர்கள் போட்ட தீனியில் பழகி, நிற்கும் கார்களின் கதவைத் திறந்து உள்ளே ஏறிப் பைகளைக் கிளறக் கற்றுக்கொண்டது. படம் பிடித்து உலகெங்கும் காட்டினார்கள். பிறகு ஆட்கள் காயப்பட்டார்கள். 2011ல் பிடித்து ஊசி போட்டுக் கொன்றார்கள். இங்கே பபூனுக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு. சித்தப்பா நெடுநேரம் பேசவில்லை. “நம்ம குடுக்குற பழம் அதுக்கு விசமாட்டு ஆவுது போல” என்றார் கடைசியில். அவருடைய பக்தியில் ஒரு குறையும் இல்லை. வாயில்லா ஜீவனுக்குக் கொடுத்துச் சாப்பிடச் சொன்ன மண் நம்முடையது. அந்தப் புண்ணியம் இந்தச் சாலையில் மட்டும் பலிக்காது.

வீடுகளில் எவ்வளவு பூட்டினாலும் யாரோ ஒருவர் மறப்பார். அதற்காகத்தான் ரேஞ்சர்கள். 2000ஆம் ஆண்டை ஒட்டிக் கொம்மெக்கி பகுதியில் பபூன் ஆர்வலர் ஜென்னி டிரெதோவன் முதலானோர் முயற்சியில், அக்கம்பக்கத்து ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்களை வேலைக்கு வைத்துக் கூட்டத்தைப் பின்தொடரும் ஏற்பாடு சிறிதாகத் தொடங்கியது. பிற்பாடு செலவை மாநகராட்சி ஏற்றது. கூட்டம் இரவில் தூங்கும் பாறைமுகட்டுக்குக் காலையிலேயே ரேஞ்சர்கள் போய்விடுவார்கள். கூட்டம் இறங்கும் பக்கத்தில் வரிசையாக நின்று, கத்தி, கைதட்டி மேலே திருப்புவார்கள். 2012க்குப் பிறகு பெயிண்ட்பால் துப்பாக்கியும் கையில் வந்தது. மழையிலும் இங்கே அடிக்கும் பேய்க்காற்றிலும், பொழுது சாயக் கூட்டம் மறுபடி பாறையேறும் வரை அவர்கள் நிற்கிறார்கள். இந்த ஊரின் நிம்மதி அவர்கள் முதுகில் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் கொடுக்கக்கூடத் தோன்றாதவர்கள்தான் குழுவில் ‘ரேஞ்சர் எங்கே’ என்று முதலில் கேட்கிறார்கள்.

பெயிண்ட்பால் கொடுமை என்று விலங்கு ஆர்வலர்களில் ஒரு சாரார் எதிர்க்கிறார்கள். வலிக்கத்தான் செய்யும், அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஊருக்குள் வந்த பபூனுக்கு இங்கே காத்திருப்பவற்றை வைத்துப் பார்க்கிறேன். கார்ச் சக்கரம் இருக்கிறது, ஏர்கன் குண்டு இருக்கிறது, கடைசியில் மருத்துவரின் ஊசி இருக்கிறது. வலிக்கும் குண்டையே நான் ஏற்பேன்.

தொல்லை தரும் கடுவனை அப்புறப்படுத்திவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். பபூன் குடும்பத்தில் மந்திகள் பிறந்த கூட்டத்திலேயே தங்கும், வயசுக்கு வந்த கடுவன்கள்தான் வேறு கூட்டம் தேடிப் போகும். தலைமைக் கடுவனை நாம் எடுத்துவிட்டால் அந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஒன்று வரும். அப்படி வரும் கடுவன் முந்தியதற்குப் பிறந்த பால்குட்டிகளைக் கொல்வது சாக்மா பபூன்களில் அடிக்கடி நடப்பது. குட்டி போனால்தான் மந்தி சீக்கிரம் மறுபடி சினைக்குத் தயாராகும். ஒரு கடுவனுக்குப் போட்ட ஊசி நாலைந்து குட்டிகளையும் சேர்த்துக் கொல்லலாம்.

பிடித்து இடம் மாற்றுவதும் எளிதல்ல. 2020 ஆகஸ்டில் கொம்மெக்கியைச் சேர்ந்த கடாஸா என்ற கடுவனை, மந்திகளை ஊருக்குள் கூட்டி வருகிறது என்று சொல்லிப் பிடித்து, தீபகற்பத்தின் மறுபக்கம் டோக்காயில் விட்டார்கள். அங்குள்ள கூட்டம் அதைச் சேர்க்கவில்லை. குடியிருப்புத் தெருக்களில் அது தனியே அலைந்ததைப் படங்களில் பார்த்து ஊரே இரண்டாகப் பிரிந்தது. பதாகை பிடித்தார்கள், வழக்குக்குப் போனார்கள். அதே ஆண்டு நவம்பரில் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கும் நிலைக்கவில்லை, 2021ல் நாட்டின் வடகோடியில் லிம்போப்போ மாகாணத்து மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பப்பட்டது. ஒரு விலங்கைச் சுற்றி இவ்வளவு சண்டை நடந்த அந்த மாதங்களில், கொம்மெக்கியின் எத்தனை குப்பைத் தொட்டிகளுக்குப் புதிதாகப் பூட்டு வந்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

இத்தனைக்கும் வேலை செய்யும் வழி ஒன்று கண்ணெதிரே இருக்கிறது. டோக்காய் காட்டோரத்தில் ஸ்வான்ஸ்வைக் என்ற குடியிருப்பு. அங்கே 2013ல் மலையை நோக்கிய பக்கத்தில் பபூனுக்கென்றே மின்வேலி போட்டார்கள். உயிரை எடுக்காத, சுளீரென்று உதறும் மின்சாரம். ஏறிக் குதிக்க மரக்கிளை எதுவும் வேலிப் பக்கம் நீளாமல் அடிக்கடி வெட்டுகிறார்கள். வேலி வந்தபின் பபூன்கள் அந்தத் தெருக்களுக்கு வருவது அநேகமாக நின்றுபோனது. மலையில் இருக்கும் பபூன் மலையில் இருக்கிறது, அதை யாரும் சுடவில்லை, துரத்தவில்லை.

எல்லா இடத்திலும் இதைப் போட்டுவிட முடியாது. சைமன்ஸ் டவுனில் சரிவு செங்குத்து, பாறை நிறைய. வேலி தனியார் தோட்டங்களையும் கடற்படை நிலத்தையும் தேசியப் பூங்காவின் எல்லையையும் தொட்டுக்கொண்டு போக வேண்டும். ஒரே ஒரு வீட்டுக்காரர் மறுத்தால் அங்கே ஓட்டை. இதற்கிடையில் பெரிய கூட்டத்திலிருந்து பிரிந்த சிறு கூட்டங்கள் ஊருக்குள்ளேயே தங்கப் பழகிவிட்டன. அவற்றைப் பிடித்து வேலியிட்ட காப்பகத்தில் அடைப்பதா என்ற பேச்சும் கிளம்பியிருக்கிறது. மாநகராட்சி, தேசியப் பூங்கா நிர்வாகம், மாகாண இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து 2023ல் ஒரு திட்டம் கொண்டுவந்தன. யார் பொறுப்பு என்று ஆளுக்கொரு கை காட்டிய காலத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் காகிதத்தில் இருக்கும் கோடு சரிவில் கம்பியாக நிற்க இன்னும் நாளாகும்.

எங்கள் தெருக்காரர்கள் வேலியைப் பற்றிக் கூடிப் பேசியபோது, மலையைப் பார்க்கத்தானே இங்கே வீடு வாங்கினோம், கம்பியைப் பார்க்கவா என்று ஒருவர் கேட்டார். கம்பி பின்தோட்டத்து எல்லையில்தான் வரும், அதற்கு மேல் மலை அப்படியேதான் இருக்கும் என்றேன். எங்கள் பங்குக்கு எவ்வளவு ஆனாலும் தருகிறோம் என்று நானும் வீட்டுக்காரரும் எழுதிக் கொடுத்தோம். பக்கத்து வீட்டுப் பெண்மணி தன் தோட்டத்து ஓரத்து யூக்கலிப்டஸ் கிளைகளை வெட்டச் சம்மதித்தார். மழைக்கால ஓடை குறுக்கே வரும் இடத்தில் கம்பியை எப்படிக் கொண்டுபோவது, ஆமைகள் கடந்துபோக அடியில் எங்கே வழி விடுவது என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.