உடம்புக்குள்ளே ஒரு மைக் செட்!

‘‘மாப்ளே, ஜுரம் விட்ருச்சுடா! நாளைக்கு நான்தான் ஓப்பனிங்!’’

அஞ்சு நாளா போர்வைக்குள்ளே சுருண்டு கிடந்த என் ரூம் மேட், அன்னிக்குச் சாயந்திரம் எழுந்து உட்கார்ந்து சொன்ன முதல் டயலாக் இது. டெங்குன்னு டெஸ்ட்ல வந்து, ஹாஸ்டல் கட்டிலே கதின்னு கிடந்தவன். மறுநாள் இன்டர் டிபார்ட்மென்ட் மேட்ச். தெர்மாமீட்டர் 98.6 காட்டினதும் எங்க விங் மொத்தமும் விசிலடிச்சுது.

ராத்திரி ஒன்பது மணிக்கு வயித்து வலின்னான். அப்புறம் விடாம வாந்தி. கை, கால் எல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு. அலறியடிச்சுக்கிட்டு ஆட்டோவுல தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டிரிப்ஸ் ஏத்திட்டிருந்த டியூட்டி டாக்டர்கிட்ட, ‘‘காய்ச்சல்தான் போயிடுச்சே டாக்டர், அப்புறம் ஏன் இப்படி?’’ன்னு கேட்டேன்.

‘‘வைரஸ் குறைய ஆரம்பிச்சாச்சு தம்பி. இப்ப ஆட்டம் காட்டுறதுல பெரிய பங்கு அவனோட உடம்புக்குத்தான்!’’ என்றார் கூலாக.

சொந்த உடம்பே நம்மளை அடிக்குமா? ப்ளஸ் டூ-ல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்த அன்னிக்கே பயாலஜிக்கு டாட்டா காட்டிட்டு இ.சி.இ. பக்கம் வந்தவன் நான். ஆனால், அந்த பதில் என்னைத் தூங்க விடலை. தேடித் தேடிப் படிச்சதில் மாட்டிய பேர்தான்... சைட்டோகைன்!

சிக்னல் வருது..!

உடம்பில் இருக்கிற கோடிக்கணக்கான செல்கள் ஒண்ணோட ஒண்ணு எப்படிப் பேசிக்கும்? அதுங்க அனுப்புற எஸ்.எம்.எஸ்.தான் சைட்டோகைன். அது ஒரு குட்டிப் புரதம். ஒரு செல் அதை வெளியே விடும். இன்னொரு செல்லின் மேலே இருக்கிற ரிசெப்டார் அதைப் பிடிச்சுக்கும். உடனே அந்த செல் வேலையை ஆரம்பிக்கும். டிரான்ஸ்மிட்டர், சிக்னல், ரிசீவர்... அட, இது நம்ம ஏரியா பாஸ்!

முதன்முதலில் மாட்டிய சிக்னல்களில் ஒண்ணு, இன்டர்ஃபெரான். 1957-ல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜீன் லிண்டன்மன் என்ற ரெண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சாங்க. வைரஸ் புகுந்த செல், ‘திருடன் வந்துட்டான், கதவைச் சாத்துங்க!’ன்னு பக்கத்து செல்களுக்குக் கொடுக்கிற குரல்தான் அது. அப்புறம் இன்டர்லூகின், டி.என்.எஃப். என்று வரிசையா நிறையப் பேர் சிக்கினாங்க.

நமக்கு வர்ற காய்ச்சல்கூட இவங்க வேலைதான். மூளையில் இருக்கிற ஹைபோதலாமஸ் ஒரு தெர்மோஸ்டாட். சைட்டோகைன் சிக்னல் போனதும் அதன் செட் பாயின்ட் 98.6-லிருந்து 102-க்கு ஏறிடும். உடம்போ இன்னும் 98.6-லதான் இருக்கு. அதான் ஃபேனை நிறுத்தி ரெண்டு போர்வை போர்த்தினாலும் கிடுகிடுன்னு நடுங்குது. அடிச்சுப் போட்ட மாதிரி உடம்பு வலி, சாப்பாடு கண்டாலே வெறுப்பு... எல்லாத்துக்கும் பின்னாடி இதே ஆட்கள்தான்!

மைக் அலறினால்..?

கல்ச்சுரல்ஸ்ல பார்த்திருப்பீங்க. தொகுத்து வழங்குற பொண்ணு தெரியாத்தனமா மைக்கோட ஸ்பீக்கர் பக்கத்துல போயிட்டா, ‘கீ.....ங்’னு ஒரு சத்தம் காதைக் கிழிக்கும். மைக்கில் போன சத்தம் ஸ்பீக்கரில் பெருசா வந்து, அது திரும்ப மைக்கில் புகுந்து, இன்னும் பெருசாகி... பாசிட்டிவ் ஃபீட்பேக்!

நோய் எதிர்ப்பு செல்களும் அப்படித்தான். ஒரு செல் சிக்னல் விட, பத்து செல் முழிச்சுக்கும். அந்தப் பத்தும் சிக்னல் விட, நூறு முழிச்சுக்கும். கிருமி பெருகிற வேகத்துக்கு ஈடுகொடுக்க இந்த வேகம் தேவைதான். ‘போதும், அடங்குங்க’ன்னு சொல்ற சைட்டோகைன்களும் உண்டு. இன்டர்லூகின்-10 அந்த ரகம். பிரேக் பிடிக்கலைன்னா? அதுக்குப் பேர்தான் ‘சைட்டோகைன் புயல்’.

சண்டை போடுற செல்கள் ரத்தத்திலிருந்து வெளியே வரணும் இல்லையா? அதுக்காக ரத்தக்குழாய் சுவரைக் கொஞ்சம் தளர்த்தி விடச் சொல்றதும் சைட்டோகைன்கள்தான். உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் எல்லாக் குழாயும் தளர்ந்தா, ரத்தத்தில் இருக்கிற திரவம் வெளியே கசிஞ்சிடும். ரத்த அழுத்தம் சரியும். கிட்னி, நுரையீரல்னு ஒவ்வொண்ணா தடுமாறும்.

அந்த ஆறு பேர்!

‘புயல்’னா என்னன்னு உலகத்துக்குக் காட்டிய நாள், 2006-ம் வருஷம் மார்ச் 13. இடம், லண்டன் நார்த்விக் பார்க் ஆஸ்பத்திரி வளாகத்தில் இருந்த ஒரு தனியார் மருந்து ஆராய்ச்சிப் பிரிவு.

ரத்தப் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் பயன்படும்னு எதிர்பார்க்கப்பட்ட ஒரு புது மருந்து, டி.ஜி.என்.1412. மனுஷங்களுக்கு அதைக் கொடுக்கிறது அதுதான் முதல் முறை. வந்திருந்தவங்க எட்டு பேர். எல்லாருமே நோய் நொடி இல்லாத ஆண்கள். ஆளுக்கு ரெண்டாயிரம் பவுண்டு தர்றதா பேச்சு. நம்ம வயசுக்கு அது எவ்வளவு பெரிய காசுன்னு சொல்லணுமா என்ன?

எட்டு பேரில் ரெண்டு பேருக்கு டம்மி ஊசி. மத்த ஆறு பேருக்கும் பத்துப் பத்து நிமிஷ இடைவெளியில் மருந்து ஏறியது. ஒன்றரை மணி நேரத்துக்குள்ளே தலைவலி, முதுகு வலி, வாந்தி, காய்ச்சல். அடுத்தடுத்து ரத்த அழுத்தம் சரிஞ்சது. ஒரு நாள் முடியுறதுக்குள்ளே ஆறு பேருமே தீவிர சிகிச்சைப் பிரிவில்!

மருந்து செஞ்சது ஒரே ஒரு வேலைதான். டி செல்களின் மேலே சி.டி.28-னு ஒரு சுவிட்ச் இருக்கு. வழக்கமா அது மட்டும் ஆன் ஆனா பத்தாது, ‘கிருமியைப் பார்த்தேன்’கிற இன்னொரு சிக்னலும் வேணும். இந்த மருந்து, கிருமியே இல்லாமல் அந்த ஒரு சுவிட்ச்சை அமுக்கியே டி செல்களைக் கிளப்பிவிட்டது. எதிரியே இல்லாத ஊரில் மொத்த ராணுவமும் இறங்கிச் சுட்ட கதை!

ஸ்டீராய்டு, டயாலிசிஸ், செயற்கை சுவாசம்னு போராடி ஆறு பேரையும் டாக்டர்கள் காப்பாத்திட்டாங்க. ஆனால், ஒருத்தர் கால் விரல்களையும் கை விரல்களின் நுனிகளையும் இழந்தார்.

குரங்குகளுக்கு இதைவிட 500 மடங்கு டோஸ் கொடுத்தும் ஒண்ணும் ஆகலை. அப்புறம் எப்படி? 2010-ல் விடை கிடைச்சுது. சோதனைக்கு எடுத்த குரங்கு இனத்தில், புயலைக் கிளப்புற அந்த வகை டி செல்களில் சி.டி.28 சுவிட்ச்சே இல்லை! சிமுலேஷனில் அழகா ஓடின சர்க்யூட், போர்டில் போட்டதும் புகைஞ்ச மாதிரிதான்.

அதுக்கப்புறம் ஐரோப்பாவில் விதிகள் இறுகின. புது மருந்துன்னா முதலில் ஒருத்தருக்கு மட்டும் கொடுத்து, காத்திருந்து பார்த்துட்டுத்தான் அடுத்தவருக்கு. அந்தப் பத்து நிமிஷ அவசரம் மட்டும் இல்லாதிருந்தால், ஆறு பேர் கதை ஒருத்தரோட முடிஞ்சிருக்கும்.

மகளுக்காகப் படிச்ச மருந்து!

புயலை அடக்க முடியுமா? முடியும்னு காட்டியவள் எமிலி வைட்ஹெட் என்ற அமெரிக்கச் சிறுமி.

ரத்தப் புற்றுநோய் ரெண்டு முறை திரும்பி வந்து, வேற வழியே இல்லைன்னு ஆன நிலையில், 2012 ஏப்ரலில் பிலடெல்ஃபியா குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ‘கார்-டி’ சிகிச்சை கொடுத்தாங்க. அவளோட டி செல்களையே வெளியே எடுத்து, புற்றுநோயை அடையாளம் காணுற மாதிரி மாத்தி, திரும்ப உடம்புக்குள்ளே அனுப்புற டெக்னிக். இந்த சிகிச்சையைப் பெற்ற முதல் குழந்தை அவள்தான். செல்கள் வெறித்தனமா வேலை செஞ்சதில் புயல் கிளம்பிடுச்சு. கொதிக்கிற காய்ச்சல், வென்டிலேட்டர், நினைவில்லை.

ரத்தத்தில் இன்டர்லூகின்-6 தாறுமாறா ஏறியிருந்தது. சிகிச்சையை உருவாக்கிய கார்ல் ஜூனுக்கு சட்டுன்னு ஒரு மருந்து ஞாபகம் வந்தது. டோசிலிசுமாப்! அவரோட மகளுக்குச் சின்ன வயசிலேயே மூட்டுவாதம். அதனால் மூட்டுவாத மருந்துகள் அவருக்கு அத்துப்படி. ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தின் கிஷிமோட்டோ குழு பல வருஷம் இன்டர்லூகின்-6-ஐ ஆராய்ச்சி செஞ்சதன் பலன் அந்த மருந்து. கொடுத்தாங்க. புயல் அடங்கியது. தன் ஏழாவது பிறந்தநாள் அன்னிக்கு எமிலி கண் முழிச்சா! பத்து வருஷம் கழிச்சு, 2022-லும் அவளிடம் புற்றுநோயின் சுவடே இல்லை.

நம்ம ஊர் சேதியும் உண்டு. ஐ.ஐ.டி. பாம்பேயும் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியும் சேர்ந்து உருவாக்கிய இந்தியாவின் முதல் கார்-டி சிகிச்சைக்கு 2023-ல் அனுமதி கிடைச்சது. இன்ஜினீயரிங் கேம்பஸிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து! காலர் தூக்கிக்கலாம்தானே?

அமுக்கினாலும் ஆபத்து!

‘அப்போ சைட்டோகைன்தான் வில்லன், மொத்தமா அமுக்கிட்டா போச்சு’ன்னு நினைச்சா, அங்கேதான் ட்விஸ்ட்.

முடக்குவாதத்தில் மூட்டுகளை அரிக்கிறதில் முக்கியப் பங்கு டி.என்.எஃப்.புக்கு. அதைத் தடுத்தால் வலி குறையும்னு 1990-களில் லண்டனில் நிரூபிச்சவங்க மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி. மைனி நம்ம லூதியானாவில் பிறந்தவர். எழுந்து நடக்கவே தவிச்ச பலருக்கு அந்த மருந்து வரப்பிரசாதம். ஆனால், உடம்பில் தூங்கிட்டிருக்கிற காசநோய்க் கிருமியைச் சிறை வெச்சிருக்கிறதும் அதே டி.என்.எஃப்.தான். அதை அமுக்கினால் காசநோய் வெளியே வந்துடலாம். அதனால், காசநோய் இருக்கான்னு டெஸ்ட் பண்ணிட்டுத்தான் இந்த மருந்தையே ஆரம்பிப்பாங்க.

கொரோனா சொன்ன பாடமும் இதேதான். 2020 ஜூனில் இங்கிலாந்தின் ‘ரெகவரி’ ஆய்வு முடிவு வந்தது. டெக்சாமெத்தசோன்ங்கிற மலிவான ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவங்களின் மரணத்தை மூணில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவங்களின் மரணத்தை அஞ்சில் ஒரு பங்கும் குறைச்சது. ஆக்சிஜனே தேவைப்படாதவங்களுக்கு? எந்த நன்மையும் இல்லை! அதே மருந்து, அதே நோய்... கொடுக்கிற நேரம்தான் வேற. 2021-ல் நம்ம நாட்டில் கறுப்புப் பூஞ்சை பரவியதுக்கு, கட்டுப்பாடில்லாத சர்க்கரையோட, ஸ்டீராய்டை இஷ்டத்துக்குப் பயன்படுத்தினதும் ஒரு காரணம்.

‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டுங்க’ன்னு விளம்பரம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போ அந்த ஆறு பேர்தான் ஞாபகம் வர்றாங்க. வால்யூமைக் கூட்டிக்கிட்டே போறது இல்லை, அளவா வைக்கிறதுதான் விஷயம்.

ஹாஸ்டல் மக்கா... நோட் பண்ணுங்க!

டெங்குவில் காய்ச்சல் விடுற சமயம்தான் டேஞ்சர் ஸோன். அதுக்கு அப்புறம் வர்ற 24-லிருந்து 48 மணி நேரம் கவனமா இருக்கணும். வயித்து வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் ஜில்லிடுறது, தலை கிறுகிறுப்பு... இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. பாரசிட்டமால் போதும், ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் பக்கம் போகவே கூடாது. மெடிக்கல் ஷாப்பில் ‘ஒரு ஸ்டீராய்டு போட்டா சரியாயிடும்’னு யாராவது சொன்னா, ஒரு கும்பிடு போட்டுட்டு டாக்டர்கிட்ட போங்க.

எங்க ஆளு? நாலு நாள் டிரிப்ஸ் ஏறி, நல்லபடியா திரும்பி வந்துட்டான். இப்போ விங்கில் யாருக்குக் காய்ச்சல்னாலும் அவன்தான் அறிவிக்கப்படாத வார்டன். காய்ச்சல் விட்ட அன்னிக்குத்தான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்க ஆரம்பிப்பான்.

அந்த மேட்ச்? படு தோல்வி. பரவாயில்லை... எங்க ஓப்பனிங் பேட்ஸ்மேன் நாட் அவுட்!