ஓடு காட்டாத பசி

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், கிளைடு கடற்பகுதியில் இழுவலை போடும் படகுகளுக்குக் குளிர்காலத்தில் சிக்குபவை பெரும்பாலும் ஆண் சிங்கி இறால்கள்தான். கோடை வந்தால் பெண்களும் கூட்டமாக வலையேறும். இடைப்பட்ட மாதங்களில் அவை வேறெங்கும் போய்விடுவதில்லை. அதே சேற்றில்தான் இருக்கின்றன. வளையை விட்டு வெளியே வருவதில்லை, அவ்வளவுதான்.

இந்த உயிரின் பெயர் நார்வே சிங்கி இறால். ஐரோப்பிய உணவகங்களில் லாங்குஸ்டீன் என்றும் ஸ்காம்பி என்றும் தட்டுக்கு வருவது இதுதான். மன்னார் வளைகுடாவில் பிடிபடும் நம்முடைய சிங்கி இறாலுக்குப் பெரிய கொடுக்கு கிடையாது. பாறை இடுக்கில் குடியிருக்கும். இதற்கோ நீண்ட கொடுக்குகள் உண்டு. பாறை ஆகாது, சேறு வேண்டும். அதுவும் தோண்டினால் இடிந்து விழாத மென்சேறு. ஐஸ்லாந்து, நார்வே தொடங்கி மொராக்கோ வரையிலும், மத்திய தரைக்கடலிலும், சுமார் 20 மீட்டர் ஆழத்திலிருந்து 800 மீட்டர் வரை அப்படிப்பட்ட சேறு இருக்கும் இடங்களில் வளை தோண்டி வாழ்கிறது.

வளையை விட்டு எப்போது வெளியே வருவது என்பதை வெளிச்சம் முடிவு செய்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் இருட்டிய பிறகு வரும். சற்று ஆழமான இடத்தில் விடியலிலும் அந்தியிலும். மத்திய தரைக்கடலில் 400 மீட்டர் ஆழத்தில் நடுப்பகல்தான் அதற்கு உகந்த மங்கல் நேரம். வெளியே வந்ததும் பாலிகீட் புழுக்கள், சிறு நண்டு, சிப்பி, ஒடியும் நட்சத்திர மீன், படகுகள் கழித்துவிட்ட மீன் துண்டு என்று அகப்பட்டதைத் தின்னும். கடிப்பதும் அரைப்பதும் ஒரே இடத்தில் முடிவதில்லை. வாயில் பிய்த்து விழுங்கியதை வயிற்றுக்குள் இருக்கும் பற்கள் மறுபடி அரைக்கின்றன.

உண்ணும்போது சிதறுவதும் வீணாவதில்லை. இதன் வாயுறுப்புகளில் ஒட்டிக்கொண்டு, மிதந்து வரும் துணுக்குகளை வடித்துத் தின்றே காலம் தள்ளும் ஓர் உயிரி உண்டு. அரை மில்லிமீட்டர்கூட நீளமில்லாத அந்த உயிரிக்கு சிம்பியான் பாண்டோரா என்று பெயர். 1995இல் டென்மார்க்கின் பீட்டர் ஃபுங்கும் ரைன்ஹார்ட் கிறிஸ்டென்சனும் அதை விவரித்தபோது விலங்குலகில் புதிதாக ஒரு தொகுதியையே உருவாக்க வேண்டியதாயிற்று. மீன் சந்தைகளில் காலங்காலமாக விற்றுவந்த இறாலின் வாயில் அது இருந்திருக்கிறது!

இனி குளிர்காலப் பெண்களுக்கு வருவோம். பிரிட்டனைச் சுற்றிய கடல்களில் அவை கோடையின் கடைசியிலோ இலையுதிர் காலத்திலோ முட்டையிடும். ஆயிரக்கணக்கான கரும்பச்சை முட்டைகளை வயிற்றுக்கடியில் நீந்துகால்களில் ஒட்டவைத்து, வசந்தம் வரை எட்டு ஒன்பது மாதம் சுமக்கும். அந்தக் காலத்தில் வளைவாசலைத் தாண்டுவது அபூர்வம். அப்படியானால் எதைத் தின்னும்? ஒரு வழியை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1993இல் காட்டினார்கள்: நீரில் மிதக்கும் நுண்துகள்களை வடித்து உண்ணவும் இந்த இறாலுக்குத் தெரியும். ஆனாலும் வேட்டைக்கு ஈடாக அதை எண்ணிவிட முடியாது. பெரும்பாலும் பிழைப்பு கையிருப்பை நம்பித்தான் நடக்கிறது.

அந்தக் கையிருப்பு செரிமானச் சுரப்பியில் இருக்கிறது. நமக்குக் கல்லீரலும் கணையமும் தனித்தனியே செய்யும் வேலைகளை இங்கே ஒரே உறுப்பு செய்கிறது. செரிமான நொதியைச் சுரப்பதும் சத்தை உறிஞ்சுவதும் கொழுப்பைச் சேமிப்பதும் அதுதான். மாதக்கணக்கில் தீனி இல்லாமலும் இந்த இறால் பிழைத்துக்கிடக்கும். மெலிந்ததா என்று பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். பட்டினி கிடக்கும் மாடு விலா எலும்பைக் காட்டும். இறாலின் ஓடோ இம்மியும் சுருங்குவதில்லை. உள்ளே தசை குறையும் அளவுக்கு நீர் ஏறிக்கொள்கிறது. எடைக்கல்லும் பெரும்பாலும் ஏமாந்துபோகும்.

ஆகவே ஆய்வுக்கூடத்தில் சுரப்பியை எடுத்துப் பார்க்கிறார்கள். பசித்த இறாலில் அது சிறுத்திருக்கும், கொழுப்பு வற்றியிருக்கும், நீர் மிகுந்திருக்கும். கூடவே செம்பின் செறிவு உயர்ந்திருக்கும். செம்பு எங்கிருந்து வந்தது? இந்த இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு அல்ல, செம்பு அடங்கிய ஹீமோசயனின் என்ற புரதம். பசி நீளும்போது உடல் அந்தப் புரதத்தையும் உடைத்துத் தின்கிறது. மிஞ்சும் செம்பு சுரப்பியில் தங்குகிறது. மூச்சுக்கு வேண்டிய பொருளையே உணவாக்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. எனக்கு இந்த விலங்கில் மிகவும் வியப்பூட்டுவது இதுதான்.

வசந்தத்தில் குஞ்சு பொரித்த கையோடு பெண் வெளியே வந்து ஓடு கழற்றி இணைசேர்ந்து, அடுத்த முட்டைக்கான கொழுப்பைச் சேர்க்கத் தொடங்கும். கிடைப்பது சில மாதங்கள்தான். பருவமடைந்த பெண் ஆணைவிட மெதுவாக வளர்வதற்கு இதுவும் ஒரு காரணம். பட்டினிக்கு ஒரு லாபமும் உண்டு: முட்டை சுமப்பவை வலையிலிருந்து தப்பிவிடுகின்றன. ஆனால் அந்தக் காப்பு நிச்சயமானதல்ல. 1980களில் டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் இடையிலுள்ள கட்டகாட் கடலில் அடிநீரில் ஆக்சிஜன் வற்றியது. மூச்சுத் திணறி வளையை விட்டு வெளியேறிய இறால்கள் வலைகளில் குவிந்தன. வளைக்குள் இருந்திருக்க வேண்டிய பெண்களும் அதில் அடக்கம்.

இப்போது வயிற்றை நிரப்ப வேறொன்றும் வந்திருக்கிறது. கிளைடு கடலில் பிடித்த இறால்களில் 83 சதவீதத்தின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்ததாக 2011இல் வெளியான ஆய்வு சொன்னது. பெரும்பாலும் இழைகள். பந்தாகச் சுருண்டுகொண்டால் வயிற்றுப் பற்களைத் தாண்டிக் குடலுக்குள் போவதில்லை. எட்டு மாதம் பிளாஸ்டிக் கலந்த தீனி கொடுத்து நடத்திய சோதனையில் இறால்கள் தின்பது குறைந்தது, எடை இறங்கியது, சேமித்த கொழுப்பும் கரைந்தது. ஓடு கழற்றும்போது வயிற்றின் உட்புற உறையும் சேர்ந்து கழன்றுவிடும். சிக்கிய இழைகள் அதோடு வெளியேறலாம். பருவமடைந்த பெண் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் குஞ்சு பொரித்த பிறகுதான் ஓடு கழற்றுகிறது. இலையுதிர் காலத்தில் விழுங்கிய இழையை அது குளிர்காலம் முழுக்கச் சுமந்தாக வேண்டும்.