மணி உடைந்தால் துளையைப் பாருங்கள்

நார்த்தாமலை பங்குனித் திருவிழாவிலோ புதுக்கோட்டை பேருந்து நிலையத்திலோ வாங்கிய பாசிமணி மாலையில் ஒரு மணி உடைந்துவிட்டால், மாலையையே தூக்கிப் போட்டுவிடுகிறோம். அதை மணி மணியாகக் கோர்த்தவர்கள் ரெங்கம்மாள் சத்திரம் போன்ற ஊர்களில் வாழும் நரிக்குறவர் குடும்பத்துப் பெண்களாக இருக்கலாம். அவ்வளவு கைவேலையை ஒரு மணிக்காக இழக்க வேண்டியதில்லை. உடைந்த கண்ணாடி மணி ஒட்டாது, மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றுவதற்கு முன் அது ஏன் உடைந்தது என்று பாருங்கள்.

பெரும்பாலும் மணி உடையத் தொடங்குவது துளையின் வாயில்தான். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்த பழங்காலச் சிறு கண்ணாடி மணிகள் செய்யப்பட்ட முறை இதை நன்றாக விளக்கும். உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, ஆறியபின் சிறு துண்டுகளாக நறுக்குவார்கள். நறுக்கிய ஓரம் கத்தி போலக் கூராக இருக்கும். அதனால் துண்டுகளைச் சாம்பலோடு சேர்த்து மறுபடி சூடாக்குவார்கள். ஓரம் இளகி மழுங்கும். சாம்பல் இருப்பதால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாது. ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் கடந்த நூற்றாண்டிலும் இந்த வேலை நடந்தது. ஓரம் சரியாக மழுங்காத மணி இரண்டு கெடுதல் செய்யும்: பக்கத்து மணியோடு உரசி வாய் சில்லுப் பெயரும், நூலையும் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். எனவே ஒரு மணி உடைந்தால், அதற்கு இரு பக்கமும் உள்ள நூலை விரலால் உருட்டிப் பாருங்கள். பிசிறு தட்டினால் மணியை மட்டும் மாற்றிப் பயனில்லை, முழு மாலையையும் புது நூலில் கோர்த்துவிடுங்கள். புதிதாகக் கோர்க்கும்போது மணிக்கு மணி முடிச்சுப் போட்டால் உரசலும் குறையும், அறுந்தாலும் எல்லாம் சிதறாது.

நூல் நன்றாக இருந்து, ஒரு மணி மட்டும் பாதி உடைந்து தொங்கினால் அதை வெளியே எடுக்க வேண்டும். துளைக்குள் ஊசி நுழைய இடமிருந்தால், நூலுக்குக் காவலாக ஒரு ஊசியைச் செருகிவிடுங்கள். பிறகு துணியால் மூடி, குறட்டால் மெதுவாக நொறுக்குங்கள். மணியின் பக்கவாட்டில் அழுத்தாமல், துளை வாய் இருக்கும் இரு முனைகளிலும் குறடு பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் அழுத்தினால் கண்ணாடிச் சில் நூலுக்குள் இறங்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் இதைச் செய்யாதீர்கள்.

நெருக்கமாகப் பின்னிய பட்டை, கைவளை என்றால் புதிய நூலோடு ஊசியைச் சற்றுத் தள்ளியுள்ள மணியில் நுழைத்து, பழைய நூல் போன வழியிலேயே போங்கள். வெற்றிடத்தில் புது மணியைக் கோர்த்து, அடுத்த சில மணிகளுக்குள் ஓட்டி, இடையே ஒரு முடிச்சிட்டு, மீதி நூலை மணிக்குள்ளேயே மறைத்து வெட்டுங்கள். மணியின் எண்ணைக் கவனிப்பது முக்கியம். 11-ம் எண் மணி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர், 8-ம் எண் மணி 3 மில்லிமீட்டர். எண் கூடினால் அளவு குறையும். நிறம் கொஞ்சம் மாறினாலும் கண் பழகிவிடும், அளவு மாறினால் பின்னல் இழுக்கும்.

உடனே ஒட்டும் பசையை நூலின் மீது விடுவது பலருக்கும் பழக்கம். தயவுசெய்து வேண்டாம். பசை பட்ட நூல் காய்ந்து விறைத்து, அந்த இடத்தின் ஓரத்திலேயே ஒடியும்.

கல்மணிக்கு வேறு வழி உண்டு. துளைவாய் மட்டும் லேசாகப் பெயர்ந்திருந்தால், நுண்ணிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து ஓரத்தைத் தேய்த்து மழுக்கலாம். இரண்டாகப் பிளந்த கல்லை எபாக்சி பசையால் ஒட்டலாம், துளைக்குள் பசை இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒட்டிய கல்லைப் பாரம் தாங்கும் இடத்தில் கோர்க்கக் கூடாது.

இந்த வழிகள் எதுவும் பழங்கால மணிகளுக்குப் பொருந்தாது. புதுக்கோட்டையை அடுத்த பொற்பனைக்கோட்டையில் 2023-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது சூதுபவள மணி ஒன்று கிடைத்தது. அப்படிப்பட்ட மணியில் துளைத்த தடமும் தேய்ந்த ஓரமும்தான் அதைச் செய்தவரைப் பற்றிச் சொல்லும் சான்று. வயலில் பழைய மணி கண்ணில் பட்டால் தேய்க்கவோ ஒட்டவோ கோர்க்கவோ வேண்டாம். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள்.

கடைசியாக, ரவிக்கையில் உள்ள ஆரி வேலைப்பாட்டுக்கு ஒரு எச்சரிக்கை. அது சங்கிலித் தையல். மணி உடைந்த இடத்தில் தளர்ந்து நிற்கும் நூலை இழுத்தால் வரிசையே கழன்று வரும். முதலில் துணியின் பின்பக்கமாகச் சாதாரண ஊசியால் அந்தத் தளர்ந்த கண்ணியைப் பிடித்துத் தைத்துவிட்டு, பிறகு புது மணியைத் தனி நூலில் வையுங்கள். தைக்கக் கொடுக்கும்போதே அதே மணியில் பத்துப் பதினைந்தைக் கேட்டு வாங்கி, ரவிக்கையோடு ஒரு சிறு உறையில் போட்டு வைப்பது நல்லது. அடுத்த ஆண்டு அதே சாயலில் மணி கிடைப்பது அரிது.