படகுக்கு ஓர் ஆம்பியர்-மணிக் கணக்கு

பழைய மோட்டார் படகைப் புதுப்பிக்கிறவர்கள் எஞ்சினுக்கும் பெயின்டுக்கும் ரூபாய்க் கணக்கு எழுதுகிறார்கள். தண்ணீருக்கடியில் கிடக்கும் உலோகத்துக்கு எழுத வேண்டியது ஆம்பியர்-மணிக் கணக்கு. அதைப் போட்டுவிட்டால், அந்த உலோகம் அரிக்காமல் காக்கத் தான் கரையும் ஜிங்க் கட்டி எத்தனை கிலோ, என்ன வயர், பணம் எங்கே போக வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

ஒற்றை எஞ்சின் பொருத்திய 30 அடி ஃபைபர் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 18 அங்குல வெண்கல ப்ரொப்பல்லரின் இரு முகமும் சேர்ந்து சுமார் 0.16 சதுர மீட்டர். 35 மி.மீ. ஷாஃப்ட் ஒரு மீட்டர் வெளியே தெரிந்தால் 0.11. 40 செ.மீ. சதுரச் சுக்கான், இரு பக்கமும் 0.32. தாங்கியும் வால்வு வாய்களும் 0.06. மொத்தம் 0.65 சதுர மீட்டர். வெப்பக் கடலில் சதுர மீட்டருக்கு 100 மில்லிஆம்பியர் என்று வைத்தால் 65 மில்லிஆம்பியர் தேவை. ஆண்டுக்கு 8,760 மணி. ஆக 569 ஆம்பியர்-மணி.

ஒரு கிலோ ஜிங்க் நடைமுறையில் தருவது ஏறக்குறைய 780 ஆம்பியர்-மணி. ஆண்டுக்குக் கரைவது 0.73 கிலோ. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டுமென்பதால் 1.46 கிலோ மாட்ட வேண்டும். அலுமினியக் கலவைக் கட்டி கிலோவுக்குச் சுமார் 2,500 தருவதால் 0.46 கிலோ போதும். கடையில் கிலோ விலையை மட்டும் ஒப்பிடுகிறவர் தவறுவது இங்கேதான்: அலுமினியத்துக்கு மூன்று மடங்கு விலை சொன்னாலும் நட்டமில்லை.

ஜிங்க்கிலும் தரம் பார்க்க வேண்டும். அமெரிக்க ராணுவத் தரம் 18001, ஜிங்க்கில் இருக்கும் இரும்பை 0.005 சதவீதத்துக்குள் நிறுத்துகிறது. அதிகமானால் மேலே தோல் படிந்து கட்டி கரையாமல் நின்றுவிடும். கட்டியின்மேல் பெயின்ட் அடித்தாலும் அதே கதிதான். ஓராண்டு கடலில் கிடந்தும் புதுக்கருக்கு மாறாத ஜிங்க்கைக் கண்டால் மகிழ வேண்டாம். அது வேலை செய்யவில்லை. பெரும்பாலும் காரணம், ஜிங்க்கை மற்ற உலோகங்களோடு இணைக்கும் எர்த் வயர்.

பழைய படகில் அந்த வயரின் முனையில் அழுத்திய ஒரு லக்கை நறுக்கிப் பாருங்கள். வெளியே உறை நன்றாகவே இருக்கும். உள்ளே கம்பி கறுத்து, பச்சைக் களிம்பு பொடியாக உதிரும். இதன் விலை என்ன? 10 சதுர மி.மீ. செம்புக் கம்பி, 10 மீட்டருக்கு 0.017 ஓம். 65 மில்லிஆம்பியர் ஓடும்போது இழப்பு ஒரு மில்லிவோல்ட் அளவுதான். களிம்பேறிய இணைப்பு ஒரே ஒரு ஓம் காட்டினாலும் இழப்பு 65 மில்லிவோல்ட். உலோகம் காப்பாற்றப்பட அதன் மின்னழுத்தம் குறைந்தது 200 மில்லிவோல்ட் எதிர்மின் பக்கம் நகர வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கை அந்த ஒற்றை லக் விழுங்கிவிடுகிறது. அதனால் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பிக்கும், நன்றாக அழுத்திய லக்குக்கும், ஷாஃப்டின் மேல் உரசும் கார்பன் பிரஷ்ஷுக்கும் தாராளமாகச் செலவழிக்கச் சொல்வேன். மின்னிணைப்புக்குக் கியர்பாக்ஸின் எண்ணெய்ப் படலத்தையும் கப்ளிங் ரப்பரையும் நம்பி ஷாஃப்டை விடக் கூடாது.

இன்னொரு செலவு, பேட்டரியிலிருந்து கசியும் மின்சாரம். அடித்தட்டில் தேங்கிய உப்புத் தண்ணீரில் பம்ப் வயரின் உறை கிழிந்து, அங்கிருந்து வெண்கல வால்வு வழியாக ஒரு ஆம்பியர் கடலுக்குள் போனால், நாளொன்றுக்குக் குறைந்தது 28 கிராம் செம்பு கரையும். வாரத்துக்கு 200 கிராம். அந்தக் கசிவை 1.46 கிலோ ஜிங்க் தாங்க நேர்ந்தால் 47 நாளில் முழுதும் தீரும். எத்தனை கட்டி மாட்டினாலும் இந்த ஓட்டையை அடைக்க முடியாது. வயரைத்தான் மாற்ற வேண்டும்.

கரை மின்சாரம் இழுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மூன்றாவது பின்னின் எர்த் வழியாக உங்கள் ஜிங்க் பக்கத்துப் படகுக்கும் உழைக்கும். சுமார் 1.2 வோல்ட் வரை தடுக்கும் கால்வானிக் ஐசொலேட்டர் அதை நிறுத்தும். எர்த்தை மட்டும் அறுத்துவிடாதீர்கள்; உயிர் போகும்.

கூடுதலாக மாட்டுவதும் சிக்கனமல்ல. 1824இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி, கொச்சியில் கட்டப்பட்ட சமராங் போர்க்கப்பலின் செப்புத் தகட்டுக்கு அதன் பரப்பில் 80இல் ஒரு பங்கு அளவு வார்ப்பிரும்பைப் பொருத்தினார். செம்பு பிழைத்தது, ஆனால் கரையாத செம்பில் பாசியும் கொட்டலசும் அப்பிக்கொண்டன. மரப் படகில் கேடு இன்னும் பெரிது: உலோகத்தைச் சுற்றிக் காரம் ஊறி மரம் நைந்துபோகும்.

படகை இறக்கியபின் வெள்ளி-வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு முனையைத் தண்ணீரில் விட்டு, அதற்கும் படகின் உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டரில் இரண்டு அளவு எடுங்கள்: ஜிங்க் வயரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து ஒன்று, மாட்டிச் சில மணி நேரம் கழித்து ஒன்று. வித்தியாசம் 200 மில்லிவோல்ட்டுக்குக் குறைந்தால் ஜிங்க் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் லக்குகளைப் பாருங்கள்.