குடுவைக்குள் ஆதி பூமி

ஆதி பூமியின் காற்றில் ஆக்சிஜன் கிடையாது. பிறகு உயிர் எப்படித்தான் முளைத்தது? 1952இல் சிகாகோ பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ஸ்டான்லி மில்லர், கண்ணாடிக் குடுவையில் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவியை அடைத்து, மின்னலுக்குப் பதிலாக மின்பொறியைப் பாய்ச்சினார். மறுநாளே தண்ணீர் இளஞ்சிவப்பானது. ஒரு வாரத்தில் கருஞ்சிவப்பு! அதில் புரதங்களின் மூலப்பொருளான அமினோ அமிலங்கள் இருந்தன. உயிர் அல்ல, அதைக் கட்டும் செங்கல் மட்டும்தான்.

ஆதிக் காற்றின் கலவை அப்படி இருந்திருக்காது என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். நியாயமான மறுப்புதான். ஆனால் 2007இல் மில்லர் மறைந்தபின், அவர் பத்திரப்படுத்தியிருந்த பழைய சோதனைகளின் குப்பிகளை அவருடைய மாணவர் ஜெஃப்ரி பாடா நவீனக் கருவிகளால் ஆராய்ந்தார். எரிமலையைப் போல ஆவி பீய்ச்சிய ஒரு சோதனையில் மட்டும் 20க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கிடைத்தன, நேயர்களே!